நாய்க்கு அல்ல, வளர்ப்பவருக்கே பாடம்! யார் இந்த பார்பரா உட்ஹவுஸ்?

1983இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'ஆக்டோபஸி'. உதய்ப்பூரைக் கதைக்களமாகக் கொண்ட இந்தப் படத்தில் நம்ம ஊர் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜும் நடித்திருப்பார். அதில் ஒரு காட்டுக் காட்சி. துரத்தல்காரர்களிடம் இருந்து தப்பி ஓடும் ரோஜர் மூர் முன்னால் திடீரென்று ஒரு புலி வந்து நிற்கும். அவர் துப்பாக்கியை எடுக்க மாட்டார். 'சிட்' என்று ஒரே ஒரு அதட்டல். புலி சமர்த்தாக உட்கார்ந்துவிடும்.

நம்ம ஊர் ரசிகர்களுக்கு அது சாதாரண ஜோக். ஆனால் பிரிட்டனில் தியேட்டரே அதிரச் சிரித்ததற்கு வேறு காரணம் இருந்தது. அந்த அதட்டல் யாருடையது என்று அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். அது பார்பரா உட்ஹவுஸ் என்ற பாட்டியின் குரல்.

வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கான பயிற்சி வகுப்பு என்ற விஷயத்தை டிவி மூலம் கோடிக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோனவர் அவர். அதே சமயம், அவர் கையாண்ட முறை இன்றும் சர்ச்சைக்கு உள்ளாகிறது. அவர் சொன்னதில் எது நிலைத்தது? எது காலாவதியானது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த பார்பரா?

1910ஆம் ஆண்டு மே 9 அன்று அயர்லாந்தின் டப்ளின் அருகே பிறந்தார் பார்பரா பிளாக்பர்ன். அப்பா ஒரு பாதிரியார். செயின்ட் கொலம்பாஸ் கல்லூரி என்ற பள்ளியின் தலைவராகவும் இருந்தார். பார்பராவுக்கு ஒன்பது வயது இருக்கும்போதே அப்பா இறந்துவிட, குடும்பம் இங்கிலாந்துக்கு இடம்பெயர்ந்தது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டு பகுதியில் வளர்ந்தார்.

சின்ன வயதிலிருந்தே மனிதர்களைவிட விலங்குகளோடுதான் அவருக்கு ஒட்டுதல் அதிகம். படிப்பும் அதற்கேற்ப அமைந்தது. பெண்கள் அரிதாகவே எட்டிப்பார்த்த அந்தக் காலத்தில், ஷ்ராப்ஷயரில் உள்ள ஹார்ப்பர் ஆடம்ஸ் வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு குதிரையேற்றப் பள்ளி நடத்தினார்.

1930களில் அவர் எடுத்த முடிவு வீட்டாரை அதிர வைத்திருக்கும். தனியாகக் கப்பல் ஏறி அர்ஜென்டினா போனார். அங்கே பிரம்மாண்டமான கால்நடைப் பண்ணைகளில் வேலை. முரட்டுக் குதிரைகளைப் பழக்குவதுதான் பணி. குதிரையின் மூக்கருகே போய் மெதுவாக மூச்சை ஊதினால் அது நம்மை ஏற்றுக்கொள்ளும் என்ற வித்தையை, அங்கிருந்த பூர்வகுடி மனிதர் ஒருவரிடம் கற்றதாகப் பின்னாளில் எழுதினார். முதலில் அதன் மொழியில் வணக்கம் சொல், பிறகு வேலை வாங்கு என்பதுதான் அதில் அவர் எடுத்துக்கொண்ட பாடம்.

1940இல் மைக்கேல் உட்ஹவுஸ் என்ற மருத்துவரை மணந்தார். மூன்று குழந்தைகள். லண்டனுக்கு வடமேற்கே ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் குடித்தனம். வீட்டில் குழந்தைகளோடு மாடும், குதிரையும், ஆள் உயர கிரேட் டேன் நாய்களும் இருந்தன. அந்த கிரேட் டேன்களில் ஒன்றான ஜூனோ, சினிமாவிலும் நடித்துப் புகழ் பெற்றது.

வீட்டு நாய்க்கு எதற்குப் பயிற்சி?

இன்றைக்கு இந்தக் கேள்வியே விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் அன்றைக்கு நாய்ப் பயிற்சி என்றாலே போலீஸும் ராணுவமும்தான். அந்தத் துறையின் அடிப்படைப் புத்தகம் என்று கருதப்படுவதை 1910இல் எழுதியவர் ஜெர்மன் காவல் அதிகாரியான கொன்ராட் மோஸ்ட். கட்டளை, கட்டுப்பாடு, தவறினால் தண்டனை என்று எல்லாமே பணி நாய்களுக்கான கணக்கு.

வீட்டு நாயின் நிலைமை வேறு. அது தபால்காரரைக் கடித்தால், சோபாவைக் கிழித்தால், கயிற்றைப் பிடித்திருக்கும் எஜமானியைத் தெருவில் இழுத்துக்கொண்டு ஓடினால் என்ன செய்வது? இது கெட்ட நாய் என்று முத்திரை குத்துவார்கள். வேறு யாரிடமாவது தள்ளிவிடுவார்கள். இல்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். ஒரு பழக்கத்தை மாற்றத் தெரியாததற்கு நாய் கொடுத்த விலை, அதன் உயிர்.

பார்பரா கைவைத்தது இந்த இடத்தில்தான். சாதாரண மக்களுக்காகப் பயிற்சி வகுப்புகளை நடத்தினார். 1954இல் 'டாக் டிரெய்னிங் மை வே' என்ற புத்தகம் வந்தது. அதே ஆண்டில் தன் வாழ்க்கைக் கதையான 'டாக்கிங் டு அனிமல்ஸ்' நூலையும் வெளியிட்டார்.

அவர் கட்சி ரொம்ப எளிமையானது. கெட்ட நாய் என்று கிட்டத்தட்ட எதுவுமே கிடையாது. அனுபவம் இல்லாத உரிமையாளர்கள்தான் இருக்கிறார்கள். எனவே வகுப்புக்கு நாய் வந்தாலும், உண்மையான மாணவர் கயிற்றின் மறுமுனையில் நிற்கும் மனிதர்தான்.

டிவியில் வந்த பாட்டி

சுமார் 30 வருடம் இப்படியே ஓடியது. 1980இல் 'டிரெய்னிங் டாக்ஸ் தி உட்ஹவுஸ் வே' என்ற தொடரை பிபிசி ஒளிபரப்பியபோது பார்பராவுக்கு வயது 70ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. மடிப்பு வைத்த கம்பளிப் பாவாடை, தலைமை ஆசிரியை தோரணை, கணீர் குரல். ஒரே சீசனில் நாடு முழுக்கப் பிரபலம்.

நிகழ்ச்சியின் அமைப்பு இதுதான்: திறந்தவெளியில் உரிமையாளர்கள் நாய்களோடு வரிசையாக நிற்பார்கள். பார்பரா ஒவ்வொருவராகத் திருத்துவார். நாய் உட்காரவில்லை என்றால் திட்டு விழுவது நாய்க்கு அல்ல. குரலில் உறுதி இல்லை, கயிற்றைப் பிடித்த விதம் சரியில்லை, பாராட்ட மறந்துவிட்டீர்கள் என்று வரிசையாக மனிதருக்குத்தான் அர்ச்சனை. முரண்டுபிடித்த நாய் பார்பராவின் கைக்குப் போன சில நிமிடங்களில் சாதுவாக நடக்கும். உரிமையாளர் அசடு வழிய நிற்பார். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நாயை உலாவ அழைக்க அவர் கொஞ்சலாகச் சொல்லும் 'வாக்கீஸ்' என்ற சொல் பிரிட்டன் முழுக்க ஒட்டிக்கொண்டது. 'சிட்' கட்டளை பாண்ட் படம் வரைக்கும் போனது. தொடர் அமெரிக்காவிலும் ஒளிபரப்பாகி, 'நோ பேட் டாக்ஸ்' என்ற புத்தகம் அங்கும் பரபரப்பாக விற்றது. தன் கணக்குப்படி அவர் பயிற்சி கொடுத்த நாய்கள் சுமார் 17,000.

சர்ச்சை எங்கே தொடங்கியது?

பார்பராவின் முறைக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று, குரல். நல்லது செய்த நொடியில் குரலில் தேன் வடிய, நெஞ்சாரப் பாராட்ட வேண்டும். கூச்சப்படக் கூடாது. இதை இன்றைய பயிற்சியாளர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, சோக் செயின். இழுத்தால் கழுத்தை இறுக்கி, விட்டால் தளரும் சங்கிலி. நாய் முந்திக்கொண்டு போனால் சட்டென்று ஒரு சுண்டு, உடனே தளர்த்து, உடனே பாராட்டு. பெரிய வளையங்கள் கொண்ட சங்கிலியைச் சரியாக மாட்டினால் வலிக்காது என்பது அவர் வாதம். பிஸ்கட் கொடுத்துப் பழக்குவதை அவர் விரும்பவில்லை. அன்புக்காக வேலை செய்ய வேண்டிய நாய், தின்பண்டத்துக்காகச் செய்யக் கூடாது என்று நினைத்தார்.

அப்போதே எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. சங்கிலியைச் சரியான நொடியில் சுண்டி, சரியான நொடியில் விடுவதற்கு பார்பராவின் கைப்பழக்கம் வேண்டும். டிவியைப் பார்த்துவிட்டு சங்கிலி வாங்கிய எல்லோருக்கும் அது வருமா? தப்பாக இழுத்தால் கழுத்திலும் மூச்சுக்குழாயிலும் காயம் ஏற்படும். இன்னொரு சிக்கலும் உண்டு. பயத்தால் குரைக்கும் நாய் இழுபட்டால், அது அமைதியாவதில்லை. பயத்தை வெளியே காட்டாமல் அடக்கக் கற்றுக்கொள்கிறது. அடக்கிய பயம் ஒருநாள் கடியாக வெளிப்படலாம். தப்பு நாயிடம் இல்லை என்று சொன்னவர், வலியை மட்டும் ஏன் அதன் கழுத்தில் வைத்தார்? இந்தக் கேள்விக்கு அவரிடம் திருப்தியான பதில் இருக்கவில்லை.

பார்பரா பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டு, 1988 ஜூலை 9 அன்று 78 வயதில் காலமானார்.

அறிவியல் என்ன சொல்கிறது?

அவர் காலத்தில் இது வெறும் அபிப்பிராய மோதல். இன்று அளந்து பார்க்க முடிகிறது. 2020இல் போர்ச்சுகல் ஆராய்ச்சியாளர்கள் பயிற்சிப் பள்ளிகளில் படிக்கும் 92 வீட்டு நாய்களைக் கவனித்தார்கள். தண்டனை சார்ந்த பள்ளிகளின் நாய்களிடம் பதற்றத்தின் அறிகுறிகள் அதிகம். பயிற்சிக்குப் பிறகு அவற்றின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் கூடியிருந்தது. பரிசு கொடுத்துப் பழக்கிய நாய்களிடம் அப்படி இல்லை.

2019இல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். சார்லட் டுராண்டன், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் ஆகியோர் 20 வீட்டு நாய்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உரிமையாளரின் காலை ஒட்டி நடக்கும் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு மோப்ப விளையாட்டு. இரண்டு குழுவுக்கும் தின்பண்டப் பரிசு உண்டு, இரண்டுக்கும் இரண்டு வாரம்தான்.

பிறகு ஒரு சோதனை. ஒரு பக்கம் வைத்த கிண்ணத்தில் சாப்பாடு இருக்கும், மறுபக்கக் கிண்ணம் காலி என்று நாய்களுக்கு ஏற்கெனவே பழக்கியிருந்தார்கள். இப்போது கிண்ணத்தை நடுவில் வைத்தால்? உள்ளே இருக்குமா, இருக்காதா என்று தெரியாது. நம்பிக்கையுள்ள நாய் வேகமாகப் போகும், சந்தேகப்படும் நாய் தயங்கும். மோப்ப விளையாட்டு ஆடிய நாய்கள் முன்பைவிட வேகமாகப் போயின. ஒட்டி நடந்த நாய்களிடம் மாற்றம் இல்லை.

மோப்ப விளையாட்டு என்றால் என்ன?

நாயின் மூக்கில் வாசனையை உணரும் செல்கள் 20 கோடிக்கும் மேல். மனிதருக்கு ஒரு கோடிகூடக் கிடையாது என்பது பொதுவான மதிப்பீடு. ஆனால் பெரும்பாலான வீட்டு நாய்களுக்கு அந்த மூக்குக்கு வேலையே இல்லை. வாக்கிங் போகும்போது ஒரு கம்பத்தை மோந்தால்கூட, வா வா என்று இழுத்துவிடுகிறோம்.

2000களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், துப்பறியும் நாய்களைப் பழக்கிய அனுபவசாலிகள் சிலர் அதே வித்தையை வீட்டு நாய்களுக்கான பொழுதுபோக்காக மாற்றினார்கள். இன்று பல நாடுகளில் இதற்கு வகுப்புகளும் போட்டிகளும் உண்டு. பிர்ச் மரம், சோம்பு போன்ற வாசம் கொண்ட அனீஸ், கிராம்பு ஆகியவற்றின் எண்ணெய் வாசனையைப் போட்டிகளில் நாய்கள் தேடுகின்றன.

வீட்டில் தொடங்க எண்ணெய்கூடத் தேவையில்லை.

1. நான்கைந்து காலி அட்டைப் பெட்டிகளைத் தரையில் பரப்புங்கள்.

2. ஒன்றில் மட்டும் நாய்க்குப் பிடித்த தின்பண்டத்தை வையுங்கள்.

3. நாயை விட்டுவிட்டு ஓரமாக நில்லுங்கள். கை காட்டாதீர்கள், கட்டளை போடாதீர்கள்.

4. கண்டுபிடித்ததும் அதே இடத்தில் இன்னொரு துண்டு கொடுத்துப் பாராட்டுங்கள்.

5. ஐந்து பத்து நிமிடம் போதும். அதற்கு ஆசை தீரும் முன்பே நிறுத்திவிடுங்கள்.

வயதான நாய், கால் ஊனமான நாய், பிற நாய்களைக் கண்டு பயப்படும் நாய் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒரு நேரத்தில் ஒரு நாய்தான் தேடும் என்பதால் மோதலுக்கு இடமில்லை.

இதில் கஷ்டப்படுவது யார் தெரியுமா? மனிதர்தான். வாயை மூடிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். தின்பண்டம் எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது, நாய் தலையைத் திருப்புவதையும் வால் அசைவு மாறுவதையும் பார்த்து, அது சொல்வதை நம்ப வேண்டும்.

பார்பரா விட்டுச்சென்றது என்ன?

அவர் மாட்டிய சங்கிலியை விலங்கு நல அமைப்புகள் இன்று வேண்டாம் என்கின்றன. பிரிட்டனிலேயே பரிசு சார்ந்த பயிற்சிதான் பரிந்துரைக்கப்படுகிறது. அந்த வகையில் பார்பராவின் கருவி தோற்றுவிட்டது.

ஆனால் அவர் கேட்ட கேள்வி தோற்கவில்லை. நாய் சொன்ன பேச்சைக் கேட்கவில்லையா? முதலில் நாம் சொன்ன விதம் சரியா என்று பார்க்க வேண்டும் என்ற அந்த ஒரு விஷயம், சங்கிலியை ஒதுக்கிய வகுப்புகளிலும் முதல் பாடமாக இருக்கிறது. பார்பராவின் வகுப்பில் மனிதர் சரியாகப் பேசக் கற்றுக்கொண்டார். மோப்ப வகுப்பில் பேசாமல் கவனிக்கக் கற்றுக்கொள்கிறார். இரண்டிலும் பாடம் படிப்பது கயிற்றைப் பிடித்திருப்பவர்தான்.

உங்கள் வீட்டு நாய் அடங்கவே மாட்டேன் என்கிறதா? யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று முடிவெடுக்கும் முன், நான்கு அட்டைப் பெட்டிகளும் பத்து நிமிடமும் ஒதுக்கிப் பாருங்கள். கடிக்கும் பழக்கம் இருந்தால் மட்டும் நீங்களாகவே முயற்சி செய்யாமல், கால்நடை மருத்துவரையும் அடிக்காமல் பழக்கும் பயிற்சியாளரையும் பாருங்கள்.