கணக்கு உத்தியோகமும் ஒளி அலையும்

துறைமுகத்தில் நிற்கும் நம் வர்த்தகர்கள் கண்டிருப்பர்: இரு படகுகளின் அலைகள் சந்திக்குமிடத்தில் முகடோடு முகடு சேர்ந்தால் நீர் உயரும், முகடோடு பள்ளம் சேர்ந்தால் அடங்கும். ஒளிக்கும் இதே கூட்டல் கழித்தல்தான். குறுகிய இடைவெளியில் நுழையும் ஒளி ஓரங்களில் வளைந்து பரவி, வெளிச்சமும் இருளுமான வரிகளாக விழும்.

இவ்வரிகளை ஆராய்ந்தே சர் சி. வி. இராமன் விஞ்ஞானத்தில் புகுந்தார். 1888-ல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர்; சென்னை மாநிலக் கல்லூரி மாணவர். ஒளி மிகச் சாய்ந்து விழுந்தால் வரிகள் இருபுறமும் ஒத்திராததைக் கண்டு அவர் எழுதிய கட்டுரை 1906-ல் லண்டன் சஞ்சிகையொன்றில் வெளியாயிற்று.

1907-ல் கல்கத்தாவில் சர்க்கார் கணக்கு உத்தியோகம் கிடைத்தது. பகலெல்லாம் கணக்கு, காலையும் மாலையும் விஞ்ஞானச் சங்கத்தின் ஆராய்ச்சிக்கூடம். பத்தாண்டுகள் இவ்வாறு உழைத்தவர், 1917-ல் அவ்வுத்தியோகத்தை உதறி, குறைந்த சம்பளத்தில் பேராசிரியரானார். ஒளிச்சிதறல் ஆராய்ச்சிக்காக 1930-ல் நோபல் பரிசு பெற்றார். பின்னர் நாகேந்திரநாத்துடன் கூடி, திரவத்தில் ஓடும் நுண்ணொலி அலைகள் ஒளியை எவ்வாறு பல கதிர்களாகப் பிரிக்கின்றன என்பதை விளக்கினார். 1970-ல் பெங்களூரில் காலமானார்.

கடையடைத்தபின் மிஞ்சும் இரண்டு மணி நேரமும் முதல்தான். அதை நம் பிள்ளைகள் எதில் போடுகிறார்கள் என்று கவனிப்போமாக.