கற்பனையை நிஜமாக்கிய கல்பனா!

குட்டீஸ்... நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால், 70 கொண்டை ஊசி வளைவுகள்! பஸ் வளைந்து வளைந்து ஏற ஏற, காது அடைக்கும், குளிர் எடுக்கும். அங்குள்ள அருவியின் பெயரே ஆகாய கங்கை. இரவில் அண்ணாந்து பார்த்தால், நட்சத்திரங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது போலத் தோன்றும்.

ஆனால், கொல்லிமலையின் உயரம் சுமார் 1,300 மீட்டர்தான். அதைப் போல 200 மடங்குக்கும் அதிகமான உயரத்தில், காற்றே இல்லாத விண்வெளியில், மொத்தம் 30 நாட்களுக்கு மேல் வாழ்ந்து காட்டினார் நம் நாட்டில் பிறந்த ஒரு பெண். அவர்தான் கல்பனா சாவ்லா.

ஹரியானா மாநிலம், கர்னாலில், 1962ம் ஆண்டு மார்ச் 17ம் தேதி பிறந்தார். வீட்டில் நான்கு குழந்தைகள், இவர்தான் கடைக்குட்டி. எல்லாரும் 'மோன்ட்டோ' என்று செல்லமாக அழைத்தனர். பள்ளியில் சேர்க்கும்போதுதான் பெயர் வைக்க வேண்டி வந்தது. கல்பனா என்ற பெயரை அவரே தேர்ந்தெடுத்தாராம். அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? கற்பனை!

கோடைக்கால இரவுகளில் மொட்டை மாடியில் படுத்து, நட்சத்திரங்களையே பார்த்துக் கொண்டிருப்பார் கல்பனா. ஊரில் இருந்த விமானப் பயிற்சி மையத்தின் சிறிய விமானங்கள் தலைக்கு மேல் பறக்கும். அவற்றைப் பார்த்துப் பார்த்து, விமானப் பொறியியல்தான் படிப்பது என முடிவு செய்தார். பெண்களுக்கு அந்தப் படிப்பு ஒத்துவராது என்று பலர் நினைத்த காலம் அது. கல்பனா அசரவில்லை. 1982ல், சண்டிகரில் உள்ள பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்று, மேற்படிப்புக்காக அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குச் சென்றார்.

அங்கே, விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஜீன் பியர் ஹாரிசன் அறிமுகமானார். பறப்பது என்றால் இருவருக்குமே கொள்ளை ஆசை! நட்பு காதலானது, 1983ல் திருமணம் செய்துகொண்டனர். கல்பனாவும் விமானம் ஓட்ட உரிமம் பெற்றார். 1988ல் முனைவர் பட்டம் வாங்கி, நாசாவில் ஆராய்ச்சிப் பணியில் சேர்ந்தார். 1994ல், விண்வெளி வீரர் பணிக்குக் கிட்டத்தட்ட 3,000 பேர் விண்ணப்பித்தனர். தேர்வான சிலரில் கல்பனாவும் ஒருவர்!

1997ம் ஆண்டு நவம்பர் 19ம் தேதி, கொலம்பியா விண்கலத்தில் புறப்பட்டார். இந்தியாவில் பிறந்து விண்வெளிக்குச் சென்ற முதல் பெண் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது.

விண்வெளியில் வாழ்வது சுலபமா? மூச்சு விடக் காற்றைக் கூட உடன் எடுத்துப் போக வேண்டும். நாம் வெளியே விடும் கரியமில வாயு விண்கலத்துக்குள் சேர்ந்தால் ஆபத்து. அதனால், அதை உறிஞ்சி எடுக்க ரசாயனம் அடைத்த டப்பாக்கள் இருந்தன. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரம் தயாராகும்போது கிடைக்கும் தண்ணீரைத்தான் குடித்தனர். எடையே தெரியாது என்பதால், மிதந்து போகாமல் இருக்க, தூங்கும் பையைக் கட்டிவைத்து அதற்குள் தூங்கினர். 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றியதால், ஒரே நாளில் 16 சூரிய உதயம்!

அந்தப் பயணத்தில் கல்பனாவுக்கு ஒரு சோதனை வந்தது. சூரியனை ஆராயும் ஸ்பார்ட்டன் என்ற செயற்கைக்கோளை, இயந்திரக் கையால் எடுத்து அவர் வெளியே விட்டார். அது வேலை செய்யவில்லை. திரும்பப் பிடிக்க முயன்றபோது, சுழன்றபடி விலகிப் போய்விட்டது. சக வீரர்கள் இருவர் விண்கலத்துக்கு வெளியே சென்று, அதைக் கையாலேயே பிடித்து வந்தனர். கல்பனாவின் கவனக்குறைவுதான் காரணம் என்று பேச்சு எழுந்தது. பல மாதங்கள் நடந்த விசாரணையில், கணினி அமைப்பிலும் வேலை முறைகளிலும் இருந்த குறைகளே காரணம் எனத் தெரிந்தது. கல்பனா சோர்ந்து போகாமல் உழைத்தார். இரண்டாவது பயணத்துக்கும் தேர்வானார்.

2003ம் ஆண்டு ஜனவரி 16ம் தேதி, ஆறு வீரர்களுடன் மீண்டும் கொலம்பியாவில் கிளம்பினார். புறப்பட்ட 82வது நொடியில், வெளியில் இருந்த எரிபொருள் தொட்டியின் நுரைப்பூச்சில் ஒரு துண்டு பிய்ந்து, இடது இறக்கையில் மோதியது. ஒரு கிலோ எடை கூட இல்லாத துண்டு! மறுநாள் படத்தைப் பார்த்த பொறியாளர்கள் சிலர் கவலைப்பட்டனர்; இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டனர். ஆபத்து இருக்காது என்று மேலிடம் விட்டுவிட்டது.

விண்வெளியில் 80க்கும் மேற்பட்ட சோதனைகளை முடித்துவிட்டு, பிப்ரவரி 1ம் தேதி வீடு திரும்பினர். பூமியின் காற்று மண்டலத்தில் அதிவேகமாக நுழையும்போது பயங்கர வெப்பம் உண்டாகும். இறக்கையில் விழுந்திருந்த ஓட்டை வழியே அந்த வெப்பம் உள்ளே புகுந்தது. தரையிறங்க 16 நிமிடமே இருந்தபோது, விண்கலம் டெக்சாஸ் வானில் உடைந்து சிதறியது. ஏழு பேருமே உயிரிழந்தனர். மேற்படிப்புக்காகக் கல்பனா வந்து இறங்கிய அதே டெக்சாஸ்!

சில வாரங்கள் கழித்து, சிதறிக் கிடந்த பாகங்களில் ஒரு டப்பா கிடைத்தது. ஆராய்ச்சிக்காகக் கொண்டு போயிருந்த, மிகச் சிறிய புழுக்கள் அதற்குள் உயிரோடு இருந்தன!

அந்த விபத்துக்குப் பிறகு, 2005ல் மீண்டும் விண்கலங்கள் பறந்தபோது, ஒவ்வொன்றையும் விண்வெளியிலேயே கேமரா மூலம் அங்குலம் அங்குலமாகச் சோதித்த பிறகே தரையிறக்கினர். ஏழு பேரின் உயிர் கற்றுத் தந்த பாடம் அது.

நம் நாட்டின் வானிலை செயற்கைக்கோளுக்கு, 'கல்பனா-1' என்று பெயர் சூட்டப்பட்டது. துணிச்சலான பெண்களுக்குத் தமிழக அரசு சுதந்திர தினத்தில் வழங்கும் விருதும் அவர் பெயரில்தான். தான் படித்த கர்னால் பள்ளியை அவரும் மறக்கவில்லை. அங்கிருந்து ஆண்டுக்கு இரண்டு மாணவர்கள் நாசாவைப் பார்வையிட ஏற்பாடு செய்திருந்தார்.

அடுத்த முறை கொல்லிமலைக்குப் போனால், இரவில் கொஞ்ச நேரம் அண்ணாந்து பாருங்கள், குட்டீஸ். கர்னாலில் மொட்டை மாடியில் படுத்திருந்த மோன்ட்டோ பார்த்ததும் இதே வானத்தைத்தான்!