சொல்லை மாற்றிய அம்மையார்

என் அக்காள் தலைப்பிள்ளை பெற்றதும் வேலையை விட்டாள். அதைத் தாய்மைக் கடமை என்று பெருமையாகப் பேசியவர்களுள் நானும் ஒருவன். சுவீடன் நாட்டு ஆல்வா மிர்தால் அம்மையாரின் வாழ்வைப் படித்தபின் அந்தச் சொல் என்னை உறுத்துகிறது.

1902இல் உப்சாலா நகரில் பிறந்த அம்மையார், 1924இல் பொருளியல் அறிஞர் குன்னர் மிர்தாலை மணந்தார். 1930களில் சுவீடனில் பிறப்பு விகிதம் மிகவும் தாழ்ந்தது. நாடு தேய்கிறது, பெண்கள் கடமை மறந்தனர் என்று பழமைவாதிகள் வருந்தினர். உழைக்கும் மக்களுக்கு அப்பேச்சு கசந்தது.

1934இல் தம்பதியர் இணைந்து எழுதிய மக்கள்தொகை நெருக்கடி பற்றிய நூல் கேள்வியையே திருப்பிப் போட்டது. பெண்கள் ஏன் பெறவில்லை என்று கேளாமல், பெற விரும்புவோரைத் தடுப்பது எது என்று கேட்டது. இடமில்லாத வீடு, போதாத வருவாய், மணமானால் பறிபோகும் வேலை என விடைகள் கிடைத்தன. நாட்டுக்குச் செய்யும் கடமை, குடும்பத்தின் நலமாயிற்று. கசந்தவர்களும் செவிசாய்த்தனர்.

1935இல் மக்கள்தொகை ஆணையம் அமைந்தது. குன்னர் அதில் உறுப்பினரானார். பல குழந்தைகளுள்ள எளிய குடும்பங்களுக்கு அரசுக் கடனுதவியால் எழுந்த குடியிருப்புகள், குழந்தைச் செல்வம் மிக்கோர் இல்லம் என்று பொருள்படும் பெயரைப் பெற்றன. ஏழை என்ற சொல்லே அங்கில்லை! 1938இல் கருத்தடை பற்றிய தகவலுக்கிருந்த தடை நீங்கியது. மணத்துக்காகவோ மகப்பேற்றுக்காகவோ பெண்ணை வேலைநீக்கம் செய்யலாகாது என்று 1939இல் சட்டம் வந்தது. 1948இல் எல்லாக் குழந்தைகளுக்கும் உதவித்தொகை கிடைத்தது.

ஆனால் நிலவிலும் களங்கமுண்டு. தகுதியற்றோர் என்று சிலரைப் பிரித்து, அவர்களுக்குக் கருத்தடை அறுவையை அதே நூல் ஆதரித்தது. 1934இல் இயற்றப்பட்ட சட்டத்தில் தொடங்கி, 1970களின் நடுப்பகுதி வரை பல்லாயிரவர் அறுவைக்கு ஆளாயினர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள், பலர் மனமொப்பாதவர்கள். இனிய பெயருக்குள் அவர்களுக்கு இடமிருக்கவில்லை.

அம்மையார் 1955 முதல் 1961 வரை இந்தியாவில் தூதராக இருந்தார். அணு ஆயுதக் குறைப்புக்காக உழைத்து, 1982இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார், 1986இல் மறைந்தார்.

இன்று பிறப்பு குறையும் நாடுகள் பலவற்றில் இதே பேச்சு மீண்டும் எழுகிறது. நண்பர்களே, ஒரு திட்டத்தின் பெயர் இனிக்கும்போது, அது யாருடைய சுமையைக் குறைக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று பார்ப்போம். கடமை என்று நாங்கள் பெயர் சூட்டியதை, அக்காளைக் கேட்டா சூட்டினோம்?