வையட் ஏர்ப் கையில் 12 அங்குல ரிவால்வர் இருந்ததா? ஒரு நீளமான கதையின் பின்னணி!

வெஸ்டர்ன் படங்கள் பார்க்கிறவங்களுக்கு வையட் ஏர்ப் பெயர் தெரிஞ்சிருக்கும். முறுக்கிய மீசை, கருப்பு கோட், இடுப்பில் முழங்கால் வரைக்கும் தொங்கும் ரிவால்வர். இதில் அந்த ரிவால்வர் மட்டும்தான் இடிக்குது.

1848-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாகாணத்தில் பிறந்த ஏர்ப், கான்சாஸின் விசிட்டா, டாட்ஜ் சிட்டி நகரங்களில் போலீஸ் வேலை பார்த்தார். அங்கே சுடுவதைவிட அடிப்பதுதான் அதிகம். போதையில் கலாட்டா செய்பவரின் தலையில் ரிவால்வரால் ஒரு போடு, அப்புறம் லாக்கப். இந்த வேலைக்கு பேரல் நீளமாக, கனமாக இருந்தால் வசதி.

அந்தக் கால கோல்ட் ரிவால்வர் முதலில் 7½ அங்குல பேரலுடன் வந்தது. பிறகு 5½, 4¾ அங்குல மாடல்களும் வந்தன. பேரல் நீண்டால் மருந்து எரிய இடம் கிடைக்கும், குண்டின் வேகம் கூடும். முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி அதிகமாவதால் குறி பார்ப்பதும் சுலபம். ஆனா உறையிலிருந்து உருவ நேரமாகும், மறைத்து வைக்கவும் முடியாது. உயிர் போகும் நேரத்தில் அரை நொடி பெரிய விஷயம்.

1881 அக்டோபர் 26. அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரில், ஓ.கே. கொரால் என்ற குதிரைக் கொட்டடி பக்கத்தில் துப்பாக்கிச் சண்டை. சுமார் 30 நொடி, 3 பேர் பலி. அண்ணன் விர்ஜிலுக்கும் தம்பி மார்கனுக்கும் குண்டுக் காயம். வையட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பின்னர் நடந்த விசாரணையில், ரிவால்வரை ஓவர்கோட் பாக்கெட்டில் வைத்திருந்ததாக அவரே சாட்சியம் அளித்தார்.

பாக்கெட்டில்! 12 அங்குல பேரல் என்றால் துப்பாக்கியின் மொத்த நீளம் ஒன்றரை அடியைத் தொடும். அது எந்த பாக்கெட்டில் நுழையும்?

அடுத்த மார்ச்சில் மார்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். பழிவாங்கக் கிளம்பிய வையட், கடைசியில் அரிசோனாவை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. 1896-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு குத்துச்சண்டைக்கு நடுவராகப் போனவர், கோட்டுக்குள் ரிவால்வரோடு மேடை ஏறினார். போலீஸ் அதிகாரி அதை வாங்கி வைத்துக்கொண்டார், பிறகு 50 டாலர் அபராதம். அங்கேயும் கோட்டுக்குள் அடங்கும் சைஸ்தான்.

சரி, 12 அங்குலம் எங்கிருந்து வந்தது? 1929-ல் ஏர்ப் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். 1931-ல் ஸ்டூவர்ட் லேக் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளியானது. மலிவு விலை நாவல்கள் எழுதிய நெட் பன்ட்லைன், 1876-ல் ஏர்ப் உட்பட 5 சட்டக் காவலர்களுக்கு 12 அங்குல கோல்ட் ரிவால்வர்களைப் பரிசளித்தார் என்றது அந்தப் புத்தகம். நீண்ட பேரல் ரிவால்வர்களை கோல்ட் கொஞ்சம் தயாரித்தது உண்மை. ஆனா பன்ட்லைன் ஆர்டர் கொடுத்ததற்கு கம்பெனி பதிவேடுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

1955-ல் ஏர்ப் பற்றிய டிவி தொடர் தொடங்கியது. ஹீரோ இடுப்பில் அதே நீள ரிவால்வர். ரசிகர்கள் கடையில் கேட்க ஆரம்பித்தார்கள். 1957-ல் கோல்ட் நிறுவனமே 12 அங்குல பேரலோடு பன்ட்லைன் ஸ்பெஷலை விற்பனைக்குக் கொண்டுவந்தது.