அத்தியட்சர் அசரியா

தனக்கு அடைக்கப்பட்ட கதவைக் குறித்து வருந்தாத மனிதர் உலகில் இலர். ஆனால் அக்கதவின் திறவுகோல் தம் கைக்கு வந்த காலத்தில், தமக்குப் பின்னால் நிற்போருக்கு அதைத் திறந்துவிட்டவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் நம் சமூகத்திற் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா ஆவர். இந்துக்களாயினும் கிறிஸ்தவர்களாயினும் நம்மவர் யாவரும் அறிந்து போற்றத்தக்கது அப்பெரியாரின் சரித்திரம்.

அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17ஆம் நாள், திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலுள்ள வெள்ளாளன்விளை என்னும் கிராமத்தில் ஜனித்தார். தந்தையார் இங்கிலாந்து சபையைச் சேர்ந்த ஒரு கிராம குருவானவர். 1889இல் தந்தையார் காலஞ்சென்றார்; தாயாரின் கண்டிப்பும் பக்தியுமே பிள்ளையை உருவாக்கின. பின்னர் அவர் ஸ்காட்லாந்து தேசத்துப் பிரஸ்பிட்டேரியன் சபையார் நடத்திய சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் கல்வி பயின்றார். பரீட்சை வேளையில் நோயுற்றமையால் பட்டம் பெறாமலே வெளியேறினார். ஆயினும் தம் சபையல்லாத மற்றொரு சபையாரிடத்தும் மெய்யான பக்தி உண்டென்பதை அவர் இளமையிலேயே அங்குக் கண்டறிந்தார்.

1895 முதல் அவர் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் காரியதரிசியாய்த் தென்னாடெங்கும் யாத்திரை செய்தார். அக்காலம் நம்மவர்க்குச் சோதனைக் காலம். கமுதிக் கோயிலில் 1897இல் நம்மவர் பிரவேசித்ததன் பொருட்டு வழக்கு எழுந்தது. 1899இல் சிவகாசி கொள்ளையிடப்பட்டது. 1908இல் பிரிவி கவுன்சிலின் தீர்ப்பும் நமக்குப் பாதகமாகவே முடிந்தது. ஆண்டவன் சந்நிதியிற் புறத்தே நிறுத்தப்படுவதன் வேதனையைச் சிவகாசியும் விருதுநகரும் பிறர் சொல்லிக் கேட்டறிய வேண்டியதில்லை.

1902இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பொருளைக் கொண்டே தொண்டிக் கரைக்கு ஊழியரை அனுப்பியிருந்தனர். திருநெல்வேலிச் சபைகளோ அத்தொகையிலும் செல்வத்திலும் பெரியனவாயிருந்தும், பிறநாட்டார் பணத்தையே நோக்கியிருந்தன. இது அவர் உள்ளத்தைத் தைத்தது. அதன் பயனாக 1903ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. இந்தியர் பணம், இந்தியர் உழைப்பு, இந்தியர் நிர்வாகம் என்பவையே அதன் அஸ்திவாரம். வியாபாரத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் மகமை எடுத்துவைத்துப் பள்ளியும் பேட்டையும் கண்ட விருதுநகரத்தார்க்கு இம்முறையின் வலிமையை எடுத்துரைப்பது மிகை.

சங்கம் தெரிந்துகொண்ட வேலைத்தலம் நிஜாம் இராஜ்யத்திலுள்ள தோர்ணக்கல். சங்கத்தை நடத்துவதோடு நில்லாமல் அசரியா 1909இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே அங்குச் சென்று, தெலுங்கு கற்று, ஏழை ஜனங்களிடையே குடியேறினார். மறு ஆண்டு எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனெரி மகாநாட்டில், ஐரோப்பிய ஊழியர்கள் இந்தியருக்குப் பொருளும் உழைப்பும் ஈந்தும், தங்களோடு ஒரு மேசையில் அமர்த்தும் நட்பை ஈயவில்லை என்பதை அஞ்சாது எடுத்துரைத்தார். சபையோரிற் சிலர் சினந்தனர், பலர் நாணினர். 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தா நகரில் அவர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் அப்பதவி எய்தியது அதுவே முதல் தடவை.

இனி அவர் கைக்குத் திறவுகோல் வந்துவிட்டது. தோர்ணக்கல் சபையிற் சேர்ந்தோரிற் பெரும்பாலார் மாலர், மாதிகர் என்னும் இரு வகுப்பார். ஊரார் இரு திறத்தாரையும் விலக்கினர். அவ்விரு திறத்தாரோ ஒருவரையொருவர் விலக்கினர். திருவிருந்தில் அப்பமும் பாத்திரமும் ஒன்றே, அதில் முன்பந்தி பின்பந்தி கிடையாது என்பதில் அத்தியட்சர் அணுவளவும் விட்டுக்கொடுத்திலர். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் தம் தலைமேற் கைவைத்து, நற்செய்தியை அறிவிப்பது தம் கடனென்று சொல்லச் செய்தார். கூலியாட்களாகிய பெண்களும் சமைக்கும் அரிசியிற் கைப்பிடி எடுத்து ஆலயத்திற்குக் கொணர்ந்தனர். 1939இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற தோர்ணக்கல் பேராலயம் இந்து, முகம்மதியச் சிற்ப முறைகளைத் தழுவி எழுந்து இன்றும் நிற்கின்றது. மதமாற்றத்தைக் குறித்துக் காந்தியடிகளுக்கும் இவருக்கும் 1930க்குப் பின் கருத்து வேற்றுமை மூண்டதும் உண்மையே; எனினும் ஏழைகளின் உயர்வில் இருவர்க்கும் இருந்த ஆர்வத்தை யாரும் மறுக்கவொண்ணாது.

மற்றொரு கதவும் அவரை உறுத்திற்று. நம் பிரதேசத்திலேயே, சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் இங்கிலாந்து சபையின் முறைமையையும், அருப்புக்கோட்டை, மண்டபசாலைப் பக்கத்தார் அமெரிக்க மதுரை மிஷன் முறைமையையும் தழுவியிருந்தனர். பின்னவர் 1908இல் பிரஸ்பிட்டேரியன் சபைகளோடு கூடித் தென்னிந்திய ஐக்கிய சபையாயினர். இங்கிலாந்து சபையில் அத்தியட்சர் தலைவர். அச்சிட்ட ஜெபப் புத்தகத்தின்படி ஆராதனை. திருவிருந்தை முழந்தாளிட்டு வாங்குவர். பிரஸ்பிட்டேரியன் முறையிலோ அத்தியட்சர் இலர். சபையார் தெரிந்தெடுத்த மூப்பர் போதகரோடு அமர்ந்து சபையை விசாரிப்பர். பிரசங்கமே ஆராதனையின் நடுநாயகம். சபையார் இருந்த இடத்திலிருக்க, மூப்பர் அப்பத்தையும் பாத்திரத்தையும் அவர்களிடம் கொண்டுசெல்வர். இரத்த உறவினரும் சம்பந்திகளுமாயிருந்தவர்கள், பிறநாட்டார் என்றோ வகுத்த வேலிகளால், ஒரே ஆண்டவரின் பந்தியிற் பிரிந்து நின்றனர். கோயில் வாயிலில் நம்மவர் கண்ட தடைக்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் முப்பத்து மூன்று போதகர்கள் கூடினர். இருவர் நீங்கலாக யாவரும் இந்தியர். அசரியாவே அக்கூட்டத்தின் முதன்மையான தூண். அத்தியட்சர் பதவி, மூப்பர் ஆலோசனை, சபையார் உரிமை ஆகிய மூன்றும் ஒரே சபையில் இசைந்து நிற்கலாம் என்று அவர்கள் கண்டனர். அத்தியட்சர் எதேச்சாதிகாரியாவர் என்று ஒரு சாரார் அஞ்சினர். பட்டாபிஷேகத்தின் பழைய மரபு கெடும் என்று மறுசாரார் அஞ்சினர். இருபத்தைந்து ஆண்டுகள் அசரியா பொறுமையோடு இரு சாராரிடையும் நடந்தார். 1945 ஜனவரி முதல் நாள் தோர்ணக்கல்லில் அவர் ஆவி பிரிந்தது. தாம் நட்ட மரத்தின் கனியை அவர் சுவைத்திலர்.

1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைப் பேராலயத்தில் தென்னிந்திய திருச்சபை உதயமாயிற்று. அத்தியட்சர் நிலைத்தார், ஆனால் தேர்தலாலும் சட்டத்தாலும் கட்டுண்டார். மூப்பர் குரல் சபை மன்றங்களில் நிலைபெற்றது. 1950இல் அமைந்த புதிய திருவிருந்து ஒழுங்கில், குருவானவர் மேசைக்குப் பின்னின்று சபையாரை நோக்குகிறார். சபையார் ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சமாதானம் கூறிய பின்னரே பந்தி தொடங்குகிறது. சிவகாசியாரும் அருப்புக்கோட்டையாரும் இன்று மதுரை இராமநாதபுரம் என்னும் ஒரே அத்தியட்சாதீனத்தில் இருக்கின்றனர்.

பதவியால் அசரியா பெரியவர் ஆனாரல்லர். அது பலர்க்கும் வாய்ப்பதே. தாம் அமர்ந்த பந்தியில் தம்மினும் தாழ்த்தப்பட்டவர் அமர்ந்தாலன்றித் தம் உணவு இறங்காது என்று வாழ்ந்தமையாலேயே பெரியவரானார். அன்று நம்மைத் தடுத்த வாயில்கள் பல இன்று திறந்துவிட்டன. மகமையும் பள்ளியும் தொழிற்சாலையும் நம் கையில் உள்ளன. அவற்றின் வாயிலில் இன்று யார் நிற்கின்றனர், அவர்க்கு நாம் எத்தன்மையர் என்பதே அப்பெரியாரின் சரித்திரம் நம்மை வினவும் வினா.