மேகநாத சாகா

டாக்கா நகருக்கு அண்மையில் சியோரத்தலி என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் சிறு மளிகைக் கடை வைத்துப் பிழைத்த சகந்நாத சாகாவுக்கு, 1893-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6-ஆம் நாள் ஐந்தாம் மகவாகப் பிறந்தவர் மேகநாதர். மக்கள் எண்மர், வருவாயோ சிறிது. ஆதலின், தொடக்கப் பள்ளியோடு படிப்பை நிறுத்தி மைந்தனைக் கடையில் அமர்த்தத் தந்தையார் கருதியதில் வியப்பில்லை.

மேல்வகுப்புப் பள்ளியோ ஏழு மைல் தொலைவில், சிமுலியா என்னும் ஊரில் இருந்தது. தமையனார் சயநாதர், அவ்வூர் மருத்துவர் அனந்தகுமார தாசரை அணுகித் தம்பியின் ஆர்வத்தை எடுத்துரைத்தார். மருத்துவர் உணவும் உறையுளும் நல்க இசைந்தார். சிறுவர் தாம் உண்ட கலத்தைத் தாமே கழுவி, அவ்வீட்டுப் பசுவையும் பேணிக் கல்வி பயின்றார். தேர்வில் டாக்கா மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறினார். அதனால் திங்கள்தோறும் 4 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது.

1905-இல் அவர் டாக்கா அரசினர் பள்ளியிற் சேர்ந்தார். சணல் நிறுவனத்தில் 20 ரூபாய் ஊதியம் பெற்ற தமையனார் அதில் 5 ரூபாயை அனுப்பினார். வைசியர் சங்கம் ஒன்று 2 ரூபாய் அளித்தது. ஆக, 11 ரூபாயே அம்மாணவரின் செல்வம். அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. வங்கப் பிரிவினையை எதிர்த்து, பள்ளிக்கு வந்த ஆளுநரை வரவேற்க மறுத்த மாணவருள் அவரும் ஒருவர். உதவித்தொகை பறிபோயிற்று, பள்ளியினின்றும் நீங்க நேர்ந்தது. கிசோரிலால் சூபிலிப் பள்ளியார் அவரை ஏற்றுப் பொருளுதவியும் புரிந்தனர். அக்கதவும் அன்று அடைபட்டிருப்பின், அவர் மளிகைக் கடைக்கே மீண்டிருத்தல் கூடும்.

1911-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியை அடைந்தார். சகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே ஆசிரியர். சத்தியேந்திரநாத போசு உடன்பயின்றவர். இத்துணைச் சிறந்த கல்லூரியின் விடுதியிலும், மேற்குலத்து மாணவர் சிலர் அவரோடு ஒரே கூடத்தில் உண்ண மறுத்தனர். கற்கும் இளைஞரே இவ்வாறு ஒழுகினமை நாணத்தக்கது. சாகா படிப்பைக் கைவிட்டாரல்லர். 1915-இல் கணிதத்தில் முதுகலைத் தேர்வை முடித்தார். மாணவர்க்குத் தனிப்பாடம் கற்பித்து ஈட்டிய பொருளே அவர் குடும்பத்தைத் தாங்கிற்று.

கதிரவனின் கடும் வெப்பத்தால் அணுக்கள் தம் எலக்ட்ரான்களை இழக்கின்றன. அவ்வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் ஏற்ப எத்துணை அணுக்கள் அவ்வாறு இழக்கும் என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டைச் சாகா 1920-இல் வெளியிட்டார். விண்மீன்களின் ஒளியைப் பகுத்து அவற்றின் வெப்பநிலையை அறிய அது வழிவகுத்தது. 1927-இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக்கிற்று.

பிற்காலத்தில் அவர் கல்கத்தாவில் அணுக்கரு இயற்பியல் ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவினார். 1952-இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1956-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 16-ஆம் நாள், தில்லியில் திட்டக்குழு அலுவலகத்திற்குச் செல்லும் வழியில் உயிர் நீத்தார்.