திரும்பிச் சென்றோரைக் கணக்கிட்ட மேதை

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் அம்மா ஊர் முனையில் சிறு இட்லிக் கடை நடத்துகிறார். கடையில் இரண்டே இரண்டு முக்காலிகள். சென்ற விடுமுறையின்போது, நான் படிக்கும் கணிதம் எதற்கு உதவும் என்று அம்மா கேட்டார். விடை தெரியாமல் தலைகுனிந்தேன். பின்னர் அந்த விடையை எனக்குத் தந்தவர் டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் அக்னர் க்ராருப் எர்லாங் ஆவார்.

1878ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள், லோன்போர்க் என்னும் சிற்றூரில் எர்லாங் பிறந்தார். தந்தை ஊர்ப் பள்ளி ஆசிரியர். அண்ணன் புத்தகம் படிக்கும்போது எதிரே அமர்ந்து, தலைகீழாகத் தெரியும் எழுத்துகளையே படித்துப் பழகிய சிறுவர் அவர். 14ஆம் வயதில், தனி அனுமதி பெற்றுத் தேர்வெழுதிச் சிறப்பாகத் தேறினார். பிறகு ஊர் திரும்பித் தந்தையின் பள்ளியிலேயே இரண்டாண்டுகள் கற்பித்தார். வசதியற்ற குடும்பம், ஆயினும் 1896இல் நுழைவுத் தேர்வில் சிறந்து விளங்கியதால், கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் உணவும் உறைவிடமும் இலவசமாகக் கிடைத்தன. 1901இல் பட்டம் பெற்று, ஆசிரியப் பணி ஆற்றினார்.

கணித வல்லுநர் சங்கத்தில் யோஹன் யென்சன் என்பவரோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. யென்சன் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர். தாமே கணிதத்திலும் பெயர் பெற்றவர். அத்தொடர்பால் 1908இல் எர்லாங் அந்நிறுவனத்தில் சேர்ந்தார். ஏணி சுமந்த தொழிலாளி ஒருவருடன் தெருத்தெருவாகச் சென்று, சாலைக் குழிகளில் இறங்கித் தாமே அளவெடுத்தார். ஏட்டுக் கல்வியோடு நிற்காத பெருந்தகை அவர்!

அவர் எதிர்கொண்ட கேள்வி எளியது. அழைப்போர் பலர், இணைப்புகளோ சில. எத்தனை இணைப்புகள் இருந்தால் போதும்? குறைத்தால் மக்கள் ஏமாறுவர். கூட்டினால் பணம் வீண். அழைப்புகள் தற்செயலாக வந்தாலும் அவற்றின் எண்ணிக்கை பாய்சான் பரவலுக்கு உட்படும் என்று 1909இல் காட்டினார். இணைப்பு கிடைக்காமல் திரும்பும் அழைப்புகளின் விகிதத்துக்கும், காத்திருக்கும் நேரத்துக்கும் 1917இல் வாய்ப்பாடுகள் தந்தார். பிரிட்டிஷ் அஞ்சல் துறையும் அவர் வாய்ப்பாட்டை ஏற்றது.

அந்த வாய்ப்பாட்டை என் அம்மாவின் கடைக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 6 பேர் வருகின்றனர். ஒருவர் உண்ணச் சராசரியாக 10 நிமிடம். இதுவே 1 எர்லாங் அளவு. முக்காலி ஒன்றே இருந்தால், வருவோரில் பாதிப்பேர் இடமின்றித் திரும்புவர். இரண்டு இருந்தால் 5இல் ஒருவர்; மூன்று இருந்தால் 16இல் ஒருவர். ஒரே ஒரு முக்காலியால் இத்தனை வேறுபாடு! திரும்பிச் சென்றவர் கல்லாவில் காசு போடுவதில்லை. ஆகவே அவர் கணக்கிலும் வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அவரைக் கணக்கில் கொண்டுவந்ததுதான் எர்லாங்கின் அருஞ்செயல்.

இன்றைய தகவல் தொடர்பு வலைகளோ பன்மடங்கு சிக்கலானவை. அவற்றுக்கு ஒற்றை வாய்ப்பாடு பெரும்பாலும் கிடைப்பதில்லை. எனவே, கணிப்பொறியில் அழைப்புகளைப் போலியாக உண்டாக்கி ஓட்டிப் பார்க்கின்றனர். இதைச் சிமுலேஷன் என்பர். ஆனால் பத்துக் கோடியில் ஒன்று மட்டுமே தவறும் வலையில், அந்த ஒரு தவற்றைக் காணவே ஏறத்தாழப் பத்துக் கோடி அழைப்புகளை ஓட்ட வேண்டும். நம்பத்தக்க விடைக்கு அதுபோல் நூறு மடங்கு தேவை. ஆகவே, வேண்டுமென்றே நெரிசலைக் கூட்டி ஓட்டி, கூட்டியதற்கு ஏற்ப விளைவுகளுக்கு எடையிட்டு விடையைத் திருத்தும் விரைவு முறைகளை அறிஞர்கள் வகுத்துள்ளனர். அத்தகைய நிரல் சரியா என்று சோதிக்க உரைகல் எது? விடை முன்பே தெரிந்த எர்லாங்கின் வாய்ப்பாடுதான்! எங்கள் துறைக் கணிப்பொறியில் நானும் எளிய நிரல் ஒன்று எழுதினேன். இரண்டு இணைப்புகளுக்கு, நூறு அழைப்புகளில் விடை அங்குமிங்கும் அலைந்தது. இலட்சம் அழைப்புகளில் ஐந்தில் ஒன்றை நெருங்கி நின்றது. அன்று நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

எர்லாங் மணம் புரியவில்லை. தம்மை நாடி வந்த ஏழைகளுக்கு ஆரவாரமின்றி உதவினார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் அந்நிறுவனத்தில் உழைத்து, 1929 பிப்ரவரி 3ஆம் நாள் தம் 51ஆம் வயதில் மறைந்தார். 1946இல் தொலைபேசிப் போக்குவரத்தின் அலகுக்கு எர்லாங் என்றே உலகம் பெயரிட்டது.

பொங்கலுக்கு ஊர் சென்றபோது இக்கணக்கை அம்மாவிடம் விளக்கினேன். எழுதப் படிக்கத் தெரியாத அவர் பொறுமையாகக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியலில் கடைக்குச் சென்று பார்த்தேன். மூன்றாவது முக்காலி போடப்பட்டிருந்தது.